வடக்குச் சுவர் ஏணி

இதை நெல் டக்ஸ்ஃபோர்ட் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. அவளை அறியாதவர்கள். அறுவடைத் திருநாள் விருந்தில் தெரியாமல் ஒரு துண்டு கேக் கூடுதலாகத் தின்றுவிட்டதை மறுநாள் காலையில் வந்து ஒப்புக்கொள்கிற பெண் அவள். பேய்க் கதை கட்டிவிட அவளுக்கு நேரமும் கிடையாது, தெம்பும் கிடையாது. நடந்ததை நடந்த அன்றே, மணி நிமிடத்தோடு, கோயில் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். கறுப்பு அட்டை போட்ட அந்த நோட்டு இன்னும் கோயில் அலமாரியில் இருக்கிறது. அதில் இருப்பதும், அவள் வாயால் சொன்னதும்தான் இங்கே வருகிறது.

1987 நவம்பர். லிங்கன்ஷயரில் மார்ல்கோட் கிராமம்.

நெல்லுக்கு அப்போது அறுபத்தொரு வயது. மார்ல்கோட் கோயிலுக்கு அவள்தான் வார்டன். சாவி அவளிடம். பீடத் துணியைத் துவைப்பது, பூ வைப்பது, எலிப்பொறியைப் பார்ப்பது, மாலையில் பூட்டுவது எல்லாம் அவள்தான். குருவானவருக்கு ஆறு ஊர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்துபோவார்.

வீட்டில் கணவன் வில்ஃப் படுக்கையில் இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் முக்கால்வாசி போயிற்று. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நெல்லுக்குத் தூக்கம் என்பது துண்டு துண்டாகக் கிடைத்தது. சில நாள் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து, அது ஆறிப்போன பிறகுதான் விழித்துக்கொள்வாள்.

"ஆண்டவரே, தூக்கம் தாரும். இல்லாவிட்டால் பெலன் தாரும்." அவளுடைய ஜெபம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஜெபிக்கவும் களைப்பாக இருந்தது.

கோயில் பழையதல்ல. 1868இல், இடிந்துகொண்டிருந்த பழைய கோயிலை அகற்றிவிட்டு, அதே இடத்தில் அந்தக் காலத்துப் பாணியில் கட்டியது. செங்குத்தான கற்பலகைக் கூரை. கூர்முனை ஜன்னல்கள். சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும் செங்கல் வரிகள். பூப்போட்ட தரை ஓடுகள். மழைக்காலத்தில் வார்னிஷ் மணக்கும் பைன்மரப் பெஞ்சுகள். பார்க்க வருகிறவர்கள் தலையை அண்ணாந்து அழகு அழகு என்பார்கள். எந்த ஓடு காலடியில் ஆடும், எந்த ஜன்னல் காற்றுக்கு அழும், எந்தப் பெஞ்சின் முனை காலுறையைக் கிழிக்கும் என்பது நெல்லுக்குத்தான் தெரியும்.

வடக்குச் சுவர் எப்போதும் தொல்லை. ஏழு ஜன்னல்கள் உள்ள நீளமான சுவர். மேலே கூரை விளிம்பு நெடுக இரும்புத் தூம்பு ஓடும். கூரையில் வழியும் மழை அதில் விழுந்து, குழாய் வழியாக இறங்கிப் போய்விடும். ஐந்தாவது ஜன்னலுக்கும் ஆறாவது ஜன்னலுக்கும் நடுவில் மட்டும் தூம்பு இல்லை. சரியாக மூன்றடி. இரண்டு பக்கத்து முனைகளையும் ஈயத்தால் அடைத்திருந்தது. உடைந்து விழுந்த இடம் அப்படி இருக்காது. யாரோ வேண்டுமென்றே விட்டது. ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மூன்றடியில் கூரைத் தண்ணீர் நேராகப் புல்லில் விழும். சுவர் நனைந்து, உட்பக்கம் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பேராயத்திலிருந்து ஒரு கட்டடக்காரர் வந்து ஒவ்வொரு கோயிலையும் பார்த்து அறிக்கை எழுதுவார். பின்டர் என்று பெயர். போன தடவை வந்தபோதே எச்சரித்திருந்தார். அடுத்த முறையும் சுவர் இப்படியே இருந்தால், மூடிவிடும்படிதான் எழுத வேண்டியிருக்கும். மூடினால் விற்பார்கள். பக்கத்து ஊர்க் கோயிலை வாங்கியவர், பீடம் இருந்த இடத்தில் சமையலறை வைத்திருந்தார். கல்லறைகளைச் சாய்த்துவிட்டுக் கார் நிறுத்தினார்.

இந்த முறை அவர் வரும் தேதி டிசம்பர் 1.

நெல்லுக்கு அந்தக் கோயில் மூடப்படக் கூடாது. அதற்குக் காரணம் உண்டு. 1951 நவம்பரில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. அப்படிப்பட்ட குழந்தைக்கு அன்று ஞானஸ்நானமும் இல்லை, அடக்க ஜெபமும் இல்லை. வில்ஃப் தன் தூண்டில் சாமான் பெட்டியைக் காலி செய்து, அதில் குழந்தையை வைத்து, மழையில் கோயில் பக்கம் எடுத்துக்கொண்டு போனான். ஒரு மணி நேரம் கழித்து வெறும் கையோடு வந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இருவரும் வளைந்து நடந்தார்கள். இப்போது கேட்டாலும் பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்லை.

கோயில் வளாகத்தில் எங்கோ இருக்கிறது. அதுவரை தெரியும். அது போதும் என்று அவள் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 10, செவ்வாய். ரான் ஸ்கெல்பி வந்து அந்த இடைவெளியை அடைத்தான். கூரை வேலை செய்கிறவன், நெல்லோடு ஒரே பள்ளியில் படித்தவன். பழைய தூம்பைப் போலவே மூன்றடி இரும்புத் துண்டு ஒன்று கொண்டுவந்து, திருகாணி போட்டு முடுக்கி, மூட்டில் தார் பூசினான். நூற்றிருபது வருடமாக ஒருத்தனுக்கும் இந்த யோசனை வரவில்லையே என்று ஏணியில் நின்றபடியே பெருமைப்பட்டுக்கொண்டான்.

நவம்பர் 12, வியாழன். முதல் மழை.

மாலை 3.55க்கு நெல் கோயிலுக்குள் போனாள். சுவர் காய்ந்திருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தவள், நின்றாள்.

சொட்டு.

எங்கோ தண்ணீர் சொட்டியது. நிதானமாக. ஒன்று... பிறகு ஒன்று. ஞானஸ்நானத் தொட்டிப் பக்கமா? அதன் மரமூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தூசிதான். தரையெல்லாம் பார்த்தாள். எங்கும் ஈரமில்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

4.10க்கு வெளியே, வடக்குச் சுவரில், ஏணி சாய்த்த சத்தம் கேட்டது.

டொக்... டொக்.

ரான் மறந்த சாமானை எடுக்க வந்திருப்பான் என்று நினைத்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு சுற்றிப் போய்ப் பார்த்தபோது யாரும் இல்லை. புதுத் தூம்புத் துண்டு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. ஜன்னல் விளிம்பில் நான்கு திருகாணிகளும் வரிசையாக இருந்தன. துடைத்து வைத்ததுபோல ஒரு துளி ஈரமில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

புல்லில் இரண்டு சின்னக் குழிகள். ஏணிக் கால்கள் பதிந்த இடம். அவள் பாதத்தை வைத்து அளந்து பார்த்தாள். ஒன்றுக்கொன்று பத்து அங்குலம்கூட இல்லை. அவ்வளவு குறுகலான ஏணி ரானிடம் கிடையாது. ஊரில் யாரிடமும் கிடையாது.

மறுநாள் ரான் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஊரெல்லாம் கோயில் கூரையில ஏறி ஈயத்தத் திருடுறானுங்க நெல். உனக்கு வாச்ச திருடன் மட்டும் கழட்டி, தொடச்சு, சாச்சு வச்சுட்டுப் போறான். அடுத்த தடவ வந்தா டீ போட்டுக் குடு."

"நீ சரியா முடுக்கல."

"நான் முடுக்கினத அவுக்கணும்னா என் மாமியா வரணும்."

திரும்பவும் மாட்டினான். இந்த முறை எட்டுத் திருகாணி.

நவம்பர் 20, வெள்ளி. இரவெல்லாம் மழை. காலை 8.40க்கு நெல் கோயிலைத் திறந்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே போனவள் முதலில் ஒன்றையும் கவனிக்கவில்லை. வில்ஃபுக்கு இரவு காய்ச்சல். அவள் கண்மூடியது இரண்டு மணி நேரம்கூட இருக்காது.

பிறகுதான் பெஞ்சுகள் மொட்டையாகத் தெரிந்தன.

மண்டியிடுவதற்காக ஊர்ப் பெண்கள் பின்னல் வேலை செய்து தைத்த முழங்கால் மெத்தைகள் பெஞ்சுக்குப் பெஞ்சு தொங்கும். பல கொக்கிகள் காலியாக இருந்தன. அந்த மெத்தைகள் வடக்குச் சுவர் ஓரமாக, ஐந்தாவது ஜன்னலுக்கும் ஆறாவது ஜன்னலுக்கும் நடுவே, ஒன்றையொன்று ஒட்டித் தரையில் வரிசையாகக் கிடந்தன. எண்ணினாள். இருபத்து மூன்று.

குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு மெத்தையின் நடுவிலும் ஒரு பள்ளம். பெரிதில்லை. உள்ளங்கை அகலம். இரவெல்லாம் அதன்மேல் எதையோ வைத்திருந்ததுபோல.

ஒன்றைத் தொட்டாள்.

மற்ற இடமெல்லாம் கல்லாகச் சில்லிட்டிருந்தது. அந்தப் பள்ளம் மட்டும்... இளஞ்சூடாக இருந்தது.

வெளியே தூம்புத் துண்டு சுவரில் சாய்ந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் எட்டுத் திருகாணி.

அவள் எல்லா மெத்தைகளையும் எடுத்துத் தட்டிக் கொக்கிகளில் மாட்டினாள். வீட்டுக்குப் போனாள். வில்ஃபின் படுக்கைத் துணியை மாற்ற வேண்டியிருந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பயப்படுவதற்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும். அது அவளுக்கு இல்லை.

இந்த முறை ரான் சிரிக்கவில்லை. எட்டுத் திருகாணியையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். அவிழ்த்த கீறல் ஒன்றில்கூட இல்லை. நவம்பர் 28 அன்று பெரிய போல்ட்டுகள் கொண்டுவந்து மாட்டினான். பிறகு, இதற்கு மேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பர் 30, திங்கள். மறுநாள் பின்டர் வருகிறார். மாலையில் பெருமழை என்று வானொலி சொன்னது.

இன்று மட்டும் காவல் இருந்துவிட வேண்டும் என்று நெல் முடிவு செய்தாள். யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடித்து, ஒரே ஒரு நாள் விட்டுவிடு என்று கெஞ்சிக் கேட்டுவிடலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணை வில்ஃபின் அருகில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

3.05க்குக் கோயிலுக்குள் போய் வடக்கு ஓரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை. மடியில் டார்ச் விளக்கு.

3.50க்கு இருட்டிவிட்டது. ஜன்னல்களின் வண்ணங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சிவப்பு முதலில் போனது. நீலம் கடைசியில்.

கண் சொருகியது. தலையை உலுக்கி விழித்தாள்.

4.00. மணிக்கூண்டில் நான்கு அடித்தது.

4.06க்கு மழை பிடித்தது. கற்பலகைக் கூரையில் முதலில் விரல் தட்டியதுபோல. பிறகு கொட்டியது. தூம்பில் தண்ணீர் நிரம்பி ஓடும் சத்தம் தலைக்கு மேலே கேட்டது.

அப்போது சொட்டுச் சத்தம் ஆரம்பித்தது.

ஒன்று... பிறகு ஒன்று...

அது தண்ணீர்ச் சத்தம் இல்லை என்று இன்றுதான் அவளுக்குப் புரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விடுபடும் சத்தம். தாகத்தில் வாய் திறந்து மூடுகிற சத்தம். மிகச் சின்ன வாய்.

ஒன்றல்ல. பல.

தரையிலிருந்து வந்தது. சுவர் ஓரமாக. ஓடுகளுக்கு அடியிலிருந்து.

அவள் எழ முயன்றாள்.

4.10.

டொக்... டொக்.

ஏணி.

படி முனகியது. இன்னொரு படி. யாரோ ஏறினார்கள். மெதுவாக. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார்கள்.

அவள் டார்ச்சை ஐந்தாவது ஜன்னல் பக்கம் திருப்பினாள். நிறமில்லாத ஓரக் கண்ணாடிக்கு அப்பால் ஏணி நின்றது. அதில் இரண்டு பூட்ஸ்கள். முழங்கால் வரை சாக்குத் துணி சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. நனைந்த களிமண்.

மேலே இரும்பில் இரும்பு உரசியது.

நின்றது. மறுபடி உரசியது.

போல்ட் அவிழவில்லை.

நெல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மேலே இருந்தவருக்கு இருமல் வந்தது. வயதானவரின் இருமல். பிறகு நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டதுபோல ஒரு சின்ன மோதல். அதை அவள் அறிவாள். இரவு இரண்டு மணிக்கு வில்ஃபைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு அவளும் அப்படித்தான் சுவரில் நெற்றியை வைத்துக்கொள்வாள்.

அந்த மனிதர் களைத்துப் போயிருந்தார்.

ஏணியின் கால் வழுக்கியது. ஒரு அங்குலம். பூட்ஸ் தடுமாறியது.

கீழே பிடிக்க யாரும் இல்லை.

அதற்குப் பிறகு தான் எதையும் யோசிக்கவில்லை என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறாள். அது யார், எங்கிருந்து வந்தவர், நாளைக்கு பின்டர் வந்து என்ன எழுதுவார், எதையும். மழையில், வழுக்குகிற ஏணியில், வயதான ஒருவர் நிற்கிறார். கீழே பிடிக்க ஆள் இல்லை. அவ்வளவுதான் தெரிந்தது. கதவைத் திறந்து, சுவரைச் சுற்றி ஓடினாள்.

ஏணியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

மரம். சில்லென்றிருந்தது. ஆனால் பாரம் இருந்தது. மேலே ஒருவர் நிற்கும் பாரம்.

நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஒரு போல்ட் அவிழ்ந்தது.

இரண்டாவது.

மூன்றாவது.

அவள் முகத்தில் மழை வழிந்தது. கை மரத்துப் போயிற்று. விடவில்லை.

நான்காவது.

மேலிருந்து இரும்புத் துண்டு இறங்கியது. அதைப் பிடித்திருந்த கை அவள் முகத்துக்கு நேரே வந்தது. இடது கை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை.

ஒரு கையால் ஏணியை விடாமல், மறு கையால் வாங்கினாள்.

கூரையிலிருந்து தண்ணீர் அவிழ்ந்து விழுந்தது. மூன்றடி அகலத்துக்கு. நேராகப் புல்லில்.

உள்ளே... அந்தச் சத்தம் நின்றது.

ஒவ்வொன்றாக.

குடித்து முடித்ததுபோல.

காதருகில் ஒரு குரல். ஈரக் களிமண் வாசனை.

"நன்றி தாயி. இப்ப நல்லா விழும்."

அவளை யாரும் அப்படி அழைத்ததில்லை. தாயென்று.

திரும்பினாள். யாரும் இல்லை. கையில் ஏணி இல்லை. தூம்புத் துண்டு மட்டும் மார்போடு அணைத்தபடி இருந்தது, ஒரு குழந்தையைப் பிடித்திருப்பதுபோல.

மணிக்கூண்டைப் பார்த்தாள். 4.22.

மறுநாள் காலை 10.30க்கு பின்டர் வந்தார். உயரமான, சிரிக்காத மனிதர். வடக்குச் சுவரைப் பார்த்தார். இடைவெளியைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த புதுத் துண்டைப் பார்த்தார்.

"அடைச்சாச்சுன்னு கடிதம் போட்டிருந்தீங்களே, மிஸஸ் டக்ஸ்ஃபோர்ட்?"

"நேத்து சாயங்காலம் கழட்டியாச்சு சார். ஏணிய நான்தான் பிடிச்சேன்."

"கழட்டினது யாரு?"

"தெரியாது."

பின்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோட்டுப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கண்ணைச் சுற்றி இரண்டு வருடத்துத் தூக்கமின்மை கறுத்துக் கிடந்தது. அவர் நோட்டை மூடினார். தூம்பு வேண்டாமென்றால் வேண்டாம், விழுகிற தண்ணீர் சுவரைத் தொடாமல் இருந்தால் சரி, அந்த இடத்தில் இரண்டடி ஆழம் பள்ளம் தோண்டிச் சரளைக்கல் நிரப்புங்கள், ஈஸ்டருக்குள் சுவர் காய்ந்தால் மூடச் சொல்லி எழுத மாட்டேன் என்றார். அந்தச் சின்ன இரக்கத்தை அவர் செய்யாமல் போயிருந்தால் மற்றது எதுவும் வெளியே வந்திருக்காது.

டிசம்பர் 3, வியாழன். ரான்தான் தோண்டினான். வரமாட்டேன் என்றவன், நெல் கையில் மண்வெட்டியைப் பார்த்ததும் வந்துவிட்டான்.

11.20க்கு மண்வெட்டி மரத்தில் இடித்தது.

ஒரு சின்னப் பெட்டி. அதன் பக்கத்தில் இன்னொன்று. சோப்புப் பெட்டி, விதைப் பெட்டி, மெழுகுவர்த்திப் பெட்டி, பூட்ஸ் வந்த பெட்டி. மூன்றடி அகலத்துக்குள், ஒன்றையொன்று ஒட்டி, வரிசையாக. எல்லாம் சுவர்ப் பக்கம் தலை வைத்து.

ரான் தொப்பியைக் கழற்றினான். "தோண்டறத நிறுத்திட்டேன் நெல்," என்றான். "நீ கொஞ்சம் உக்காரு."

போலீஸ் வந்தது. நகரத்திலிருந்து ஒரு மருத்துவர் வந்தார். பெரியவர்கள் யாரும் இல்லை. எல்லாம் பிறந்த அன்றோ, பிறக்கும் முன்போ இறந்தவை. எந்தக் காயமும் இல்லை. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, கைகளை மடித்து, அக்கறையாக வைத்திருந்தார்கள்.

மொத்தம் இருபத்து மூன்று.

குருவானவர் பழைய சபைக் கூட்டப் பதிவேட்டைத் தேடி எடுத்து நெல்லிடம் படித்துக் காட்டினார். 1869. மணியடிக்கவும் குழி வெட்டவும் இருந்த ஆமோஸ் லீக் என்பவரைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கண்டித்திருக்கிறார்கள். புதுக் கோயிலின் புதுத் தூம்பில் மூன்றடியை அறுத்துவிட்டார் என்று. அவர் சொன்ன பதிலை யாரோ அப்படியே எழுதிவைத்திருந்தார். ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைகளுக்கு ஜெபம் இல்லை என்று குருவானவர் ஐயா சொல்லிவிட்டார், அவைகளை ராத்திரியில் சுவர் ஓரமாகப் புதைக்கத்தான் தனக்கு முடியும், பழைய கோயிலில் கூரையைத் தொட்ட மழை அவைகள்மேல் விழுந்துகொண்டிருந்தது, அதுதான் அவைகளுக்கு ஞானஸ்நானம், இப்போது இந்த இரும்பு அதையும் வாங்கிக்கொண்டு போகிறது.

இரண்டு முறை அடைத்தார்கள். இரண்டு முறையும் அறுபட்டது. பிறகு சபை விட்டுவிட்டது. முனைகளில் ஈயம் வைத்து மூடினார்கள்.

அதற்குப் பிறகு தூம்பைப் பற்றி ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. 1951 அக்டோபரில் ஊர்க்காரர்கள் சேர்ந்து இடைவெளியை அடைத்தார்கள். டிசம்பரில் பார்த்தபோது திறந்து கிடந்தது. யார் என்று தெரியவில்லை.

ஆமோஸ் லீக்கின் கல்லறை தெற்கு வாசல் பக்கம் இருந்தது. நெல் எத்தனையோ வருடமாகக் களை பிடுங்கிச் சுத்தம் செய்த கல் அது. அன்றுதான் தேதியை நின்று படித்தாள். 1906 மார்ச் 9.

அவருக்குப் பிறகு மார்ல்கோட்டில் குழி வெட்டுகிறவர் என்று யாரும் இருந்ததில்லை. தேவைப்பட்டால் அடுத்த ஊரிலிருந்து ஆள் வருவான்.

ஆனால் மருத்துவரின் பட்டியலில் வேறொன்று இருந்தது. பெட்டிகளுக்குள் விரித்திருந்த செய்தித்தாள்களில் தேதி படிக்க முடிந்தது. 1911. 1918. 1923. 1937... இருபத்து மூன்றில் ஒன்பது பெட்டிகள், ஆமோஸ் இறந்த பிறகு புதைக்கப்பட்டவை.

வரிசையின் கடைசிப் பெட்டியில் செய்தித்தாள் இல்லை. மூடியில் ஒரு பித்தளைக் கீல் இருந்தது. பாதியில் வளைந்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்திய கீல். நெல் அதை விரலால் தடவினாள். அதை வளைத்தவளே அவள்தான். கல்யாணமான புதிதில், தூண்டில் பெட்டிமேல் ஏறி நின்று திரைச்சீலை மாட்டியபோது.

அன்று மாலை வில்ஃபுக்கு சூப் ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வில்ஃப். நம்ம குழந்தைய யாருகிட்டக் குடுத்த?"

முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை.

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வெகுநேரம் வாய் அசைந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, கல்லைப் புரட்டி எடுப்பதுபோல.

"மழ... கோயில் பூட்டியிருந்துச்சு கெழவி. நாலு மணி... அடிச்சு முடிஞ்சிருந்துச்சு. ஒரு பெரியவரு. ஏணியோட... நின்னாரு."

"அப்புறம்?"

"பெட்டிய வாங்கிக்கிட்டாரு. பதனமா. அப்புறம்... ஏணியப் பிடிக்கச் சொன்னாரு. பிடிச்சேன்."

நல்ல கையான இடது கையை மெல்லத் தூக்கினான். சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக் காட்டினான்.

"இப்படி. ரெண்டு வெரல்... இல்ல."

அந்தக் கையைப் பற்றி நெல் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டில் மட்டும்தான் எழுதியிருந்தாள். நோட்டு கோயில் அலமாரியில் பூட்டியிருந்தது.

"நல்லா விழும் தம்பின்னாரு," என்றான் வில்ஃப்.

அடுத்த ஞாயிறு குருவானவர் மழையில் நின்று இருபத்து மூன்று பேருக்கும் அடக்க ஜெபம் செய்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்கள். பள்ளத்துக்குச் சரளைக்கல் போட்டார்கள். ஈஸ்டருக்குள் சுவர் காய்ந்தது. கோயிலை மூடவில்லை. அந்த மூன்றடி இன்றும் திறந்தே கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. அடக்க ஜெபம் நடந்த அன்றிரவு நெல் விழிக்காமல் ஐந்து மணி நேரம் தூங்கினாள் என்றும், விழித்துப் பதறிப் பார்த்தபோது வில்ஃப் வலது பக்கம் புரண்டு, போர்வை கழுத்து வரை போர்த்தி, சுகமாகப் படுத்திருந்தான் என்றும் நோட்டில் இருக்கிறது. அவனால் தானாகப் புரள முடியாது.

அதற்குக் கீழே, கடைசியாக, அவள் கையெழுத்தில் இரண்டே வரி.

"1951 நவம்பர் 22, வியாழன், மாலை நான்கு மணிக்கு மேல். ஏணியைப் பிடித்தது வில்ஃப்.

ஏறியவர் இறந்து அப்போது நாற்பத்தைந்து வருடம்."